அம்மாவின் கண் பிறஷருக்குக் கஞ்சா எண்ணெய்: தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

பிரிவு: உடல்நலம் / கண்

ஸ்காபரோ_மகன் | ஏப்ரல் 11, இரவு 10.20

எல்லோருக்கும் வணக்கம். இந்தப் பிரிவில் முதல் தடவை எழுதுகிறேன். நான் ரொறன்ரோவில் இருக்கிறேன். அம்மாவுக்கு 67 வயது. ஆறு வருடத்துக்கு முன்னர் கண்ணில் பிறஷர் என்று டொக்டர் சொன்னார், குளோக்கோமா. அன்றிலிருந்து படுக்கப்போகும்போது இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு துளி மருந்து. விட்டால் எரிகிறது, கண்ணைச் சுற்றிக் கறுத்துப்போகிறது, கல்யாண வீட்டுக்குப் போனால் எல்லாரும் "நித்திரை இல்லையோ" என்று கேட்கிறார்கள் என்று அம்மாவுக்கு எப்போதும் மனக்குறை.

மாசி மாதம் சொந்தக்கார அக்கா ஒருவர் வந்தார். "கஞ்சா கண் பிறஷருக்கு நல்லதாம், இப்ப கடையிலேயே எண்ணெயாக விக்கினம்" என்று சொல்லிவிட்டுப் போனார். இங்கே 2018 ஒக்ரோபரில் இருந்து கஞ்சா சட்டப்படி வாங்கலாம். நானும் போனேன். கடையில் நின்ற பெடியன் கஞ்சாச் செடியில் இருந்து எடுக்கிற சி.பி.டி. எண்ணெய் ஒன்றை எடுத்துத் தந்து, இது தலைக்கு ஏறாது, வயதானவர்கள் நிறையப் பேர் வாங்குகிறார்கள், கண்ணுக்கும் நல்லது என்றான். நம்பி வாங்கிக் கொடுத்தேன். என் பிழைதான்.

போன கிழமை குளிர்சாதனப் பெட்டியில் மோர் எடுக்கும்போது பார்த்தேன், கதவுத் தட்டில் துளி மருந்துப் போத்தல் இரண்டு, சீல் உடைக்காமல் அப்படியே இருக்கின்றன. அம்மா இரண்டு மாதமாக மருந்து விடவே இல்லை. எண்ணெய் குடிக்கிறோமே, பிறகேன் துளி என்று நினைத்திருக்கிறார். கேட்டால், "இப்ப கண் நல்லா இருக்கு, எரிவும் இல்லை, வடிவாகத் தெரியுது" என்கிறார்.

டொக்டரிடம் போக இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. கஞ்சா உண்மையில் கண்ணுக்கு நல்லதா? எண்ணெயை நிறுத்தவா, தொடரவா? இன்னொன்று: என் தம்பி வார இறுதியில் புகைப்பான், பிறகு காரும் ஓட்டுவான். கேட்டால் "எனக்குக் கண் தெளிவாத்தான் இருக்கு" என்பான். அதுவும் சரியா என்று யாராவது விளக்குங்கள்.

வைகைக்கரை | ஏப்ரல் 12, காலை 8.05

தம்பி, இன்று இரவே அம்மா அந்தச் சொட்டு மருந்தை மறுபடி தொடங்கட்டும். காலாவதித் தேதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று வாரம் காத்திருக்காதீர்கள். கிளினிக்கைக் கூப்பிட்டு, "இரண்டு மாதமாக மருந்து விடவில்லை" என்று இதே வார்த்தையில் சொல்லுங்கள். அப்படிச் சொன்னால் முன்கூட்டியே நேரம் கொடுப்பார்கள். இதைச் செய்துவிட்டு மற்றதைப் படியுங்கள்.

நான் மதுரையில் 19 வருடமாகக் கண் பரிசோதகராக இருக்கிறேன். மருத்துவர் இல்லை. அழுத்தம் பார்ப்பதும் பார்வைப் பரப்புச் சோதனை எடுப்பதும் என் வேலை. அந்த அனுபவத்தில்தான் எழுதுகிறேன்.

கண்ணுக்குள் ஒரு நீர் எந்நேரமும் சுரந்து, எந்நேரமும் வடிந்துகொண்டிருக்கிறது. வடிகால் சரியில்லை என்றால் அழுத்தம் ஏறும். பொதுவாக 10 முதல் 21 மி.மீ. பாதரச அளவுக்குள் இருக்கும். அழுத்தம் தாங்காமல் கண்ணுக்குப் பின்னால் உள்ள நரம்பு இழை இழையாகச் சாகிறது. செத்த இழை எந்த மருந்துக்கும் திரும்பி வராது.

இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்றால், 1971ல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஹெப்ளர், ஃபிராங்க் என்ற இரண்டு மருத்துவர்கள் கஞ்சா புகைத்தவர்களுக்குக் கண் அழுத்தம் அளந்து பார்த்தார்கள். 25 முதல் 30 சதவீதம் வரை குறைந்தது. இது உண்மை, பின்னால் வந்தவர்களும் உறுதி செய்தார்கள். ஆனால் அந்தக் குறைவு மூன்று, நான்கு மணி நேரம்தான் நிற்கிறது. நரம்பைக் காப்பாற்ற வேண்டுமானால் 24 மணி நேரமும் அழுத்தம் குறைந்திருக்க வேண்டும். அதாவது நடுராத்திரி எழுந்து புகைப்பது உட்பட ஒரு நாளைக்கு ஆறு, எட்டுத் தடவை. அம்மாவின் துளி மருந்து, பெரும்பாலும் லாடனோபிராஸ்ட் வகையாக இருக்கும், ஒரு சொட்டில் ஒரு நாள் முழுக்க வேலை செய்கிறது.

அடுத்தது, நீங்கள் வாங்கியது அந்தச் சரக்கே இல்லை. அழுத்தத்தைக் குறைப்பது டி.எச்.சி., போதை தருகிற பொருள். சி.பி.டி. வேறு. 2006ல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஆறு பேருக்கு நாக்குக்கு அடியில் கொடுத்துப் பார்த்தார்கள். 5 மி.கி. டி.எச்.சி. இரண்டு மணி நேரத்தில் அழுத்தத்தைக் குறைத்தது, நான்காவது மணிக்குள் பலன் போய்விட்டது. 40 மி.கி. சி.பி.டி. கொடுத்தபோது அழுத்தம் கொஞ்ச நேரம் ஏறியது. 2018ல் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் எலிகளிடம் செய்த சோதனையிலும் சி.பி.டி. அழுத்தத்தைக் கிட்டத்தட்ட 18 சதவீதம் ஏற்றியது. ஆறு பேர், கொஞ்சம் எலிகள், அவ்வளவுதான். இதை வைத்து எண்ணெய்தான் அம்மாவின் கண்ணைக் கெடுத்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கண்ணுக்கு நல்லது என்று சொல்லி விற்க எந்த ஆதாரமும் இல்லை. அமெரிக்கக் கண் மருத்துவர் அகாதமி டி.எச்.சி.யையே கண் நீர் அழுத்த நோய்க்கு, அதாவது குளோக்கோமாவுக்கு, பரிந்துரைப்பதில்லை.

அம்மாவுக்குக் கெடுதல் செய்தது, மருந்து நின்றுபோனது. "கண் நல்லா இருக்கு" என்கிறார் அல்லவா, அது எரிச்சல் நின்றதைச் சொல்கிறார். இந்த நோய் வலிக்காது. பக்கவாட்டுப் பார்வையைத்தான் முதலில் தின்னும், நடுப்பார்வையைக் கடைசி வரை விட்டுவைக்கும். தொலைக்காட்சி தெரியும், ஊசியில் நூல் கோக்கலாம், ஆனால் இடப்பக்கம் வருகிற ஆட்டோ தெரியாது. இருட்டாகவும் தெரியாது என்பதுதான் கொடுமை. விடுபட்ட இடத்தை மூளையே சுற்றியுள்ளதை வைத்து நிரப்பிவிடும். தென்னிந்திய கிராமங்களில் எடுத்த ஆய்வுகளில், இந்த நோய் இருந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் தங்களுக்கு இருப்பதே தெரியவில்லை.

எரிச்சலுக்கும் கறுப்புக்கும் வழி இருக்கிறது. பதப்படுத்தும் பொருள் சேர்க்காத சொட்டு இருக்கிறது. சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரம் உள் மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்தச் சொல்லுங்கள். வழிகிறதை உடனே துடைத்தால் தோல் கறுப்பதும் குறையும். லேசர் சிகிச்சையும் இருக்கிறது, மருத்துவரிடம் கேளுங்கள். அம்மா துளியை வெறுத்ததற்குக் காரணம் இருந்தது. அதை ஆறு வருடமாக யாரும் உட்கார்ந்து கேட்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

தம்பியின் விஷயத்தைத் தனியாக எழுதுகிறேன். ஓ.பி.க்கு நேரமாகிவிட்டது.

வழக்காடி | ஏப்ரல் 12, பிற்பகல் 1.30

வைகைக்கரை அக்கா சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் ராபர்ட் ராண்டல் கதையை விட்டுவிட்டால் படம் முழுமையாகாது.

வாஷிங்டனில் இருந்தவர். இருபதுகளின் நடுவிலேயே இந்த நோய் முற்றி, சில வருடத்தில் பார்வை போய்விடும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ராத்திரியில் தெருவிளக்கைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரியும். ஒரு நாள் கஞ்சா புகைத்த பிறகு ஜன்னல் வழியாகப் பார்க்கிறார், வளையத்தைக் காணோம். அதிலிருந்து வீட்டிலேயே செடி வளர்த்தார். 1975ல் கைதானார். சட்டத்தை மீறாவிட்டால் கண் போய்விடும், வேறு வழியில்லை என்று வாதாடி 1976ல் வென்றார். பிறகு மிசிசிப்பி பல்கலைக்கழகத் தோட்டத்தில் அரசாங்கம் வளர்த்த கஞ்சாவை அரசாங்கமே அவருக்குச் சுருட்டிக் கொடுத்தது. 2001ல் இறக்கும்வரை அவருக்குப் பார்வை இருந்தது. அமெரிக்காவில் இன்றைய மருத்துவக் கஞ்சா இயக்கத்துக்கு ஒரு கண் நோயாளிதான் முன்னோடி. அந்த மனிதரின் போராட்டத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

வைகைக்கரை | ஏப்ரல் 12, இரவு 9.15

நானும் மதிக்கிறேன் தம்பி. அவர் சொன்ன வளையம் பொய் இல்லை. அழுத்தம் வெகுவாக ஏறும்போது கருவிழி நீர் கோத்து, விளக்கைச் சுற்றி வானவில் மாதிரித் தெரியும். எங்கள் நோயாளிகளும் அப்படியேதான் சொல்வார்கள்.

ஆனால் ஆண்டைப் பாருங்கள். அவர் கைதான 1975ல் கண் அழுத்தத்தைக் குறைக்கும் டிமோலால் சொட்டு அமெரிக்காவில் அனுமதி பெறவில்லை, 1978ல்தான் வந்தது. லாடனோபிராஸ்ட் 1996ல். அவர் கையில் இருந்தது பைலோகார்பின் போன்ற பழைய சொட்டுகள், அப்புறம் அறுவை சிகிச்சை. அந்தக் காலத்தில், அந்த நிலையில், அவர் செய்தது நியாயம். இன்றைக்கு ஒரு அம்மா அதைப் பின்பற்ற வேண்டியதில்லை.

இன்னொரு பயமும் உண்டு. கஞ்சா உடம்பின் ரத்த அழுத்தத்தையும் இறக்கும். எழுந்து நிற்கும்போது தலை சுற்றுவது அதனால்தான். ஏற்கெனவே நலிந்த பார்வை நரம்புக்கு ரத்த ஓட்டமும் குறைந்தால் என்ன ஆகும்? கண் அழுத்தம் குறைந்ததில் கிடைத்த லாபம் அங்கே போய்விடலாம் என்பதுதான் மருத்துவர்களின் கவலை.

ஒளிப்பெட்டி | ஏப்ரல் 13, காலை 11.00

நான் நிழற்படம் எடுக்கிறவன். வெளிநாட்டில், சட்டப்படி கிடைக்கிற ஊரில் இருக்கிறேன், மாதத்தில் ஒன்றிரண்டு முறை பயன்படுத்துகிறேன். என் அனுபவத்தையும் நேர்மையாகப் பதிவு செய்கிறேன். அந்த நேரத்தில் நிறங்கள் அடர்த்தியாகத் தெரிகின்றன. ஒரு இலையின் நரம்பை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பார்வை கூர்மையாகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. அளந்து பார்த்தால் வேறு மாதிரி இருக்குமா?

வைகைக்கரை | ஏப்ரல் 13, இரவு 8.50

நல்ல கேள்வி. ஸ்காபரோ தம்பி கேட்டதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

ஸ்பெயினில் கிரனாடா பல்கலைக்கழகத்தின் பார்வை ஆய்வகத்தினர் கஞ்சா பயன்படுத்துகிற 31 பேரை எடுத்துக்கொண்டார்கள். புகைக்காத நாளில் ஒரு தடவை, புகைத்த பிறகு ஒரு தடவை, முழுச் சோதனை. 2021ல் முடிவு வெளியானது. எழுத்துப் பலகையில் படிக்கும் கூர்மை குறைந்தது. மங்கலான சாம்பலுக்கும் அதைவிட மங்கலான சாம்பலுக்கும் வித்தியாசம் காணும் திறன் குறைந்தது. ஆழம் காணும் திறன், தூரத்திலிருந்து கிட்டத்துக்குக் குவியம் மாற்றும் திறன், எல்லாம் இறங்கின. வெளிச்சத்தில் கண் கூசுவது கூடியது.

பிறகு அவர்களிடமே, "உங்கள் பார்வை எப்படி இருந்தது?" என்று கேட்டார்கள். சுமார் 30 சதவீதம் பேர் பாதிப்பே இல்லை என்றார்கள். 65 சதவீதம் பேர் ஏதோ கொஞ்சம் என்றார்கள். கருவி ஒன்று சொல்கிறது, கண்ணுக்குச் சொந்தக்காரர் வேறு சொல்கிறார்.

ஒளிப்பெட்டி, நீங்கள் அந்த இலையை அரை மணி நேரம் பார்த்ததை நான் நம்புகிறேன். அது கவனம் ஒரே இடத்தில் ஒட்டிக்கொள்வது. கூர்மை வேறு. கஞ்சா வேலை செய்கிற ஏற்பிகள், அதாவது செல்லில் அது போய் ஒட்டுகிற இடங்கள், கண்ணின் விழித்திரையிலும் இருக்கின்றன, மூளையில் பார்வைக்கான பகுதியிலும் இருக்கின்றன. நம் உடம்பே அந்த ஏற்பிக்கென்று ஒரு பொருளைச் சுரக்கிறது. 1992ல் ஜெருசலேமில் மெக்கூலம் என்பவரின் ஆய்வகத்தில் அதைக் கண்டுபிடித்து, நம் "ஆனந்தம்" என்ற சொல்லிலிருந்தே அனந்தமைடு என்று பெயர் வைத்தார்கள். பார்வை தொடங்குகிற விழித்திரையையும் அது முடிகிற மூளையையும் கஞ்சா ஒரே நேரத்தில் தொடுகிறது.

பிரான்ஸில் நான்சி நகரத்துக் குழு ஒன்று, தொடர்ந்து புகைப்பவர்களின் விழித்திரை மின்துடிப்பை அளந்தது. மற்றவர்களைவிடச் செய்தி சுமார் பத்து மில்லி வினாடி தாமதமாகக் கிளம்பியது. சில பத்துப் பேரிடம் செய்த சிறிய ஆய்வு. பத்து மில்லி வினாடியை யாராலும் உணர முடியாது. ஆனால் அன்று போதையில் இல்லாதபோதும் அந்தத் தாமதம் இருந்தது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இன்னொரு வித்தியாசமான சோதனை. மாரியம்மன் திருவிழாவில் விற்கிற முக அட்டை இருக்கிறதே, அதன் உட்பக்கத்தைக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். குழிவாக இருந்தாலும் மூக்கு முன்னால் துருத்திக்கொண்டிருப்பது போலத்தான் தெரியும். முகம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று மூளை முடிவு செய்து, கண் சொல்வதைத் திருத்திவிடுகிறது. ஜெர்மனியில் ஹனோவரில் எம்ரிச் குழுவினர் செய்த சோதனைகளில், கஞ்சா உட்கொண்டவர்களிடம் இந்தத் திருத்தம் தளர்ந்துபோனது, குழிவு குழிவாகவே தெரிந்தது. கேட்க நல்லதாகத் தோன்றும். ஆனால் மூளை செய்கிற அந்த மாதிரித் திருத்தத்தை நம்பித்தான் நாம் அன்றாடம் உலகத்தைப் பார்க்கிறோம். ஒரு படம் எடுக்கிறவருக்கு அது ரசனை, ரோட்டில் போகிறவருக்கு ஆபத்து.

இரவுப்பயணி | ஏப்ரல் 14, அதிகாலை 1.10

இதைப் படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

ஐந்து வருடம் முன்னால் எனக்கு 24 வயது. சமையல் கான்டிராக்டரிடம் வேலை. செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் ஏற்றிவிட்டு ராத்திரி ஒன்றரை மணிக்கு நானும் நண்பனும் பைக்கில் தாம்பரம் திரும்பினோம். கிளம்பும் முன் மண்டபத்துக்குப் பின்னால் உட்கார்ந்து ஒன்று அடித்தோம். ஆளுக்குப் பாதிதான். எப்போதும் செய்கிறதுதான்.

"ஓட்டிடுவியா?" என்று கேட்டான். "ஸ்டெடியா இருக்கேன்டா" என்றேன். பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் உணர்ந்தேன். வேகம் கூட நாற்பதுதான். சாலையில் வெள்ளைக் கோடு அவ்வளவு பளிச்சென்று தெரிந்தது.

ஒரு வளைவில் எதிரே லாரி, ஹைபீமில். எல்லாருக்கும் தெரியும், லாரி கடந்ததும் ஒரு நொடி ஒன்றும் தெரியாது, இரண்டு முறை கண் சிமிட்டினால் சாலை திரும்ப வந்துவிடும். அன்றைக்கு வரவில்லை. கண்ணுக்கு முன்னால் வெள்ளையாக ஒரு திட்டு நின்றது. சிமிட்டினேன். நின்றது. மறுபடி சிமிட்டினேன். அது ஓரத்திலிருந்து கரையத் தொடங்கியபோது மஞ்சள் கறுப்புப் பட்டை போட்ட பாரிகேடு கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது. பிரேக் பிடித்ததாகக் கூட நினைவில்லை.

எனக்குத் தோள்பட்டை. அவனுக்கு வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் உடைந்தது. கம்பி வைத்தார்கள். இன்றும் படி இறங்கும்போது பக்கவாட்டில் திரும்பி ஒவ்வொரு படியாகத்தான் இறங்குகிறான். என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அன்றைக்கு நான் வேகமாகப் போகவில்லை, தள்ளாடவில்லை, அதனால் கஞ்சா காரணமில்லை என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஸ்காபரோ அண்ணா, உங்கள் தம்பி "தெளிவா இருக்கு" என்று சொல்வது பொய்யாக இருக்காது. எனக்கும் தெளிவாகத்தான் இருந்தது.

வைகைக்கரை | ஏப்ரல் 14, காலை 7.40

தம்பி, இதை எழுதியதற்கு நன்றி. எளிதாக இருந்திருக்காது.

நீங்கள் சொன்ன வெள்ளைத் திட்டுக்குப் பெயர் உண்டு, கூசிய கண் மீள எடுக்கும் நேரம். கலிபோர்னியாவில் ஆடம்ஸ், பிரவுன் குழுவினர் 1970களிலேயே அதை அளந்தார்கள். கஞ்சாவுக்குப் பிறகு கண் மீள்வதற்கு அதிக நேரம் ஆனது. புகைத்து இரண்டு மணி நேரம் கழித்தும் அந்தத் தாமதம் இருந்தது. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குப் பதினோரு மீட்டர் போகிறோம். இரண்டு நொடி கூடுதலாகக் கண் தெரியாவிட்டால் இருபத்திரண்டு மீட்டர், ஒரு பேருந்தின் நீளத்தைப் போல இரண்டு மடங்கு.

நண்பரின் கால் இப்போதும் வலிக்கிறது என்றால் எலும்பு மருத்துவரிடம் மறுபடி காட்டச் சொல்லுங்கள்.

உப்புக்காற்று | ஏப்ரல் 14, மாலை 6.25

நான் பாம்பன்காரன். அப்பா நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். இங்கே யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன், கஞ்சா இருட்டுப் பார்வையைக் கூட்டும் என்று மீனவர்களே சொன்ன ஊர்கள் இருக்கின்றன.

ஜமைக்காவில் வெஸ்ட் இண்டீஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் மேன்லி வெஸ்ட், அங்கத்து மீனவர்கள் கஞ்சாவை ரம்மில் ஊறவைத்துக் குடித்துவிட்டு, விளக்கில்லாத படகில் பவளப்பாறைகளுக்கு நடுவே ராத்திரியில் போவதைக் கூடவே போய்ப் பார்த்தார். 1991ல் எழுதினார். அவரும் கண் மருத்துவர் லாக்ஹார்ட்டும் சேர்ந்துதான் கஞ்சாவிலிருந்து கனசோல் என்ற சொட்டு மருந்தை 1987ல் கண் நீர் அழுத்த நோய்க்காகக் கொண்டுவந்தார்கள். மொராக்கோவில் ரிஃப் மலைப்பக்கம் கீஃப் என்கிற கஞ்சாவைப் புகைப்பவர்களிடமும் அதே பேச்சு. 2004ல் அங்கே போய்க் கருவி வைத்துப் பார்த்தவர்கள், மங்கிய ஒளியைக் காணும் திறன் கூடியதாகவே எழுதினார்கள். 2016ல் மான்ட்ரியாலில் தவளைக் குஞ்சுகளிடம் செய்த சோதனையிலும், இந்த ஏற்பியைத் தூண்டினால் விழித்திரை மங்கிய ஒளிக்கு அதிகமாகப் பதில் சொன்னது.

இதையெல்லாம் கட்டுக்கதை என்று தள்ள எனக்கு மனசில்லை. கடலில் இருப்பவன் சொல்லைப் படித்தவர்கள் எளிதாகத் தள்ளிவிடுவார்கள்.

ஆனால் அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் ஒன்று சொன்னார். இருட்டில் பார்க்க அவருக்குக் கற்றுக்கொடுத்தது தாத்தா. கரையை விட்டுக் கிளம்பி அரை மணி நேரம் விளக்குப் பக்கமே திரும்பக் கூடாது. பீடி பற்றவைக்கும்போது ஒரு கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொள்ள வேண்டும், தீக்குச்சி அணைந்த பிறகு பொத்திய கண்ணால் பார்க்க வேண்டும். மங்கலாக எதையாவது பார்த்தால் நேராகப் பார்க்காமல் அதன் பக்கத்தில் பார்க்க வேண்டும். அப்பா பீடி பற்றவைப்பதைச் சின்ன வயதில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், ஏன் கண்ணைப் பொத்துகிறார் என்று கேட்டதே இல்லை.

வைகைக்கரை | ஏப்ரல் 14, இரவு 9.30

உப்புக்காற்று அண்ணா, உங்கள் அப்பா சொன்ன மூன்றும் எங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன. இருட்டுக்குப் பழக விழித்திரைக்கு இருபது, முப்பது நிமிடம் ஆகும். மங்கிய ஒளியைக் காணும் செல்கள் நடுவில் இல்லை, ஓரத்தில்தான் இருக்கின்றன. அதனால்தான் பக்கத்தில் பார்க்கச் சொல்கிறார்.

மொராக்கோவில் சோதித்தது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரைத்தான். நான் அதைத் தள்ளவில்லை, இன்னும் பெரிய ஆய்வு வர வேண்டும். ஒன்று மட்டும் தெளிவு. முழு இருட்டில் ஒரு சின்ன ஒளியைக் காண்பது ஒரு திறன், ஹெட்லைட் அடித்த பிறகு சாலையைக் காண்பது வேறு திறன். கடலில் எதிரே லாரி வராது.

புள்ளிமழை | ஏப்ரல் 15, இரவு 11.45

புதுக்கணக்கு தொடங்கி எழுதுகிறேன், மன்னிக்கவும். வயது 21. கல்லூரி விடுதியில் ஒன்றரை வருடம் கிட்டத்தட்ட தினமும். நிறுத்தி மூன்று மாதம் ஆகிறது. எங்கே பார்த்தாலும் பழைய டிவியில் சேனல் வராதபோது வருமே, அந்த மாதிரிப் பொடிப்புள்ளி ஓடிக்கொண்டே இருக்கிறது. வெள்ளைச் சுவரிலும் வானத்திலும் அதிகம். ஃபோனைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் அதன் வடிவம் கொஞ்ச நேரம் கண்ணிலேயே நிற்கிறது. வீட்டில் சொல்ல முடியாது. கண் போய்விடுமா?

வைகைக்கரை | ஏப்ரல் 16, காலை 6.50

தம்பி, எழுந்ததும் உங்கள் பதிவைத்தான் பார்த்தேன். நீங்கள் சொல்வதை வைத்துக் கண் போய்விடும் என்று பயப்பட வேண்டியதில்லை. இப்படி வருகிறவர்கள் இருக்கிறார்கள். போதைப்பொருளுக்குப் பிறகு பார்வையில் தங்கிவிடுகிற தொந்தரவு என்று மருத்துவத்தில் தனியாகவே வகைப்படுத்தி வைத்திருக்கிறார்கள். எல்.எஸ்.டி. போன்றவற்றால்தான் அதிகம், கஞ்சாவுக்குப் பிறகும் சிலருக்கு வருவதுண்டு. போதையே தொடாதவர்களுக்கும் இந்தப் புள்ளிமழை வருவதால், முதலில் கண் மருத்துவரிடம் பாப்பா விரிக்கும் சொட்டு விட்டு விழித்திரையை முழுசாகப் பார்த்துவிடுங்கள். அங்கே ஒன்றுமில்லை என்றால் நரம்பியல் மருத்துவர். கஞ்சா பிடித்ததை மறைக்காதீர்கள், சிகிச்சைக்காகச் சொல்வதைக் கேட்டு யாரும் போலீசைக் கூப்பிட மாட்டார்கள்.

நிறுத்தினீர்களே, அதை விட்டுவிடாதீர்கள். பலருக்கு மாதங்கள் போகப் போகக் குறைகிறது. தூக்கம் கெட்டால், பதற்றம் கூடினால் புள்ளியும் கூடும். சுவரைப் பார்த்துப் பார்த்துச் சோதித்துக்கொண்டே இருக்காதீர்கள்.

ஒன்று மட்டும் கவனம்: மின்னல் மாதிரி வெட்டுவது, திடீரென்று கறுப்புத் துகள்கள் கொட்டுவது, ஒரு பக்கம் திரை இறங்குவது போல மறைப்பது, இவற்றில் எது வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அது விழித்திரை பிரிவதாக இருக்கலாம்.

மருந்துச்சீட்டு | ஏப்ரல் 16, பகல் 12.15

விருதுநகர் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். யாரும் இதைத் தொடவில்லை, அதனால் எழுதுகிறேன். கண் சிவப்பு.

கஞ்சா அடித்தால் வெண்விழி ரத்தக்குழாய் விரிந்து சிவக்கும். பிடித்தது வீட்டில் தெரியக் கூடாது என்று பசங்கள் வந்து சிவப்புக்குச் சொட்டு கேட்கிறார்கள். சிவப்பைச் சுருக்குகிற சாதாரணச் சொட்டையே அடிக்கடி விட்டால், நிறுத்தும்போது முன்னைவிட அதிகமாகச் சிவக்கும். அதைவிட மோசம், சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு கலந்த சொட்டைக் கேட்பது. டெக்ஸாமெத்தசோன் என்று எழுதியிருக்கும். விட்டதும் வெள்ளைவெளேர் என்று ஆகிவிடும், அதனால் ஒருவன் இன்னொருவனுக்குச் சொல்கிறான். அதை வாரக்கணக்கில் விட்டால் சிலருக்குக் கண் அழுத்தம் ஏறும். 22 வயதுப் பையனுக்கு இப்படிப் பாதிப் பார்வைப் பரப்பு போனதை எனக்குத் தெரியும், எங்கள் தெருவிலேயே. எங்கே வாங்கினான் என்று கேட்டு என்ன பயன்? என் கடையில் நான் கொடுப்பதில்லை. அம்மா அப்பாக்கள் வீட்டில் காலிச் சொட்டுப் பாட்டில் கண்டால் பெயரைப் படியுங்கள்.

நெறியாளர் | ஏப்ரல் 16, மாலை 5.00

எங்கே கிடைக்கும், என்ன விலை என்று கேட்ட இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி கஞ்சா வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் குற்றம். தங்கள் அனுபவத்தை எழுதுவதற்குத் தடையில்லை. புள்ளிமழைக்குத் தனிமடலில் உதவ முன்வந்தவர்களுக்கு நன்றி.

ஸ்காபரோ_மகன் | மே 19, இரவு 9.05

ஒரு மாதம் கழித்து வருகிறேன். எல்லாருக்கும் முதலில் நன்றி, முக்கியமாக வைகைக்கரை அக்காவுக்கு.

நீங்கள் சொன்ன வசனத்தையே தொலைபேசியில் சொன்னேன், இரண்டு நாளில் வரச் சொன்னார்கள். அதற்குள் நான்கு இரவு துளி விட்டிருந்தார். அப்படியிருந்தும் வலக்கண்ணில் 24, இடக்கண்ணில் 21. முன்பு இரண்டும் 16க்கு மேல் போனதில்லையாம். எண்ணெயை நிறுத்தச் சொன்னார் டொக்டர். ஏசவில்லை, கோபிக்கவும் இல்லை. அம்மாவின் கையைப் பிடித்து, எரிவு என்று ஏன் எனக்கு முதலே சொல்லவில்லை என்று மட்டும் கேட்டார்.

பார்வைப் பரப்புச் சோதனைக்கு நானும் உள்ளே போய் இருந்தேன். வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவிக்குள் நாடியை வைத்து, நடுவில் உள்ள புள்ளியையே பார்க்க வேண்டும், எங்காவது சின்ன வெளிச்சம் தெரிந்தால் கையில் உள்ள பொத்தானை அமத்த வேண்டும். பின்னால் நின்ற எனக்கு அந்த வெளிச்சங்கள் தெரிந்தன. வலக்கண் சோதிக்கும்போது மேல் பக்கம், மூக்குப் பக்கமாக ஒன்று, பிறகு ஒன்று, பிறகு ஒன்று. அம்மாவின் விரல் அசையவே இல்லை. வெளியே வந்து, "எல்லாம் தெரிஞ்சது, சுகமாத்தான் இருந்தது" என்றார். தாளில் அந்த இடம் கறுப்பாக வளைந்து கிடந்தது. அதில் எவ்வளவு முன்பே போனது, எவ்வளவு இந்த இரண்டு மாதத்தில் போனது என்று பழைய தாள்களை வைத்து டொக்டர் பார்த்தார். பெரும்பகுதி பழையது, கொஞ்சம் புதியது.

வலக்கண்ணுக்கு லேசர் செய்தாயிற்று. பத்து நிமிடம்கூட இல்லை. இடக்கண் வருகிற வியாழன். துளியும் பதப்படுத்தும் பொருள் இல்லாத வகைக்கு மாற்றித் தந்திருக்கிறார், எரிவு குறைவு என்கிறார் அம்மா. இரவு ஒன்பதரைக்கு நான் அழைப்பேன், நான் தொலைபேசியில் இருக்கும்போதே விட்டுவிட்டு மூலையை அமத்திக்கொண்டு கதைப்பார்.

தம்பிக்கு இந்த இழையை அனுப்பினேன். இரவுப்பயணி எழுதியதை வாசித்தானா இல்லையா என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போன சனிக்கிழமை இரவு பன்னிரண்டு மணிக்கு அழைத்தான். ஒரு நண்பன் வீட்டு விலாசத்தைச் சொல்லி, வந்து ஏற்றிக்கொண்டு போகிறாயா அண்ணா என்று கேட்டான். கார் சாவியை அங்கேயே வைத்துவிட்டு வாசலில் நின்றான்.

இரவுப்பயணி | மே 20, அதிகாலை 12.40

போனீர்களே அண்ணா. அது போதும் எனக்கு.